பம்ப்பைக் கழற்றும் முன்

வணக்கம் நேயர்களே. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இன்னும் உங்கள் வீட்டில் நிற்கிறதா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். அம்பாசிடர் தயாரிப்பு மேற்கு வங்கத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டில் நின்றது. பத்மினி அதற்கும் வெகுகாலம் முன்பே போய்விட்டது. ஆனால் வண்டிகள் இருக்கின்றன. திண்டுக்கல் பக்கம் என் பட்டறைக்கு இன்றைக்கும் வருகின்றன. வருகிறவர்களில் பலர் வாசலில் இறங்கும்போதே, "அண்ணே, பெட்ரோல் பம்ப் போயிருச்சு, புதுசு மாட்டிருங்க" என்பார்கள்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். போயிருச்சுன்னு யார் பார்த்தது?

ஓடிக்கொண்டிருந்த வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது, செல்ஃப் அடித்தால் எஞ்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இதற்குப் பம்ப்பும் காரணமாக இருக்கலாம், வேறு பத்தும் இருக்கலாம். பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றக் கூடாது. இதைத்தான் என் பட்டறையில் வேலை பழகுகிற பையன்களுக்கு நாள் தவறாமல் சொல்கிறேன்.

அந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஞ்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதன் மேடு ஒவ்வொரு சுற்றிலும் பம்ப்பின் கையை ஒரு தட்டுத் தட்டுகிறது. அந்தக் கை உள்ளே இருக்கும் டயாப்ரத்தைக் கீழே இழுக்கிறது. டயாப்ரம் என்றால் உள்ளங்கை அகல ரப்பர் துணி. அது இறங்கும்போது டாங்க்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும். வந்த பெட்ரோல் திரும்பிப் போகாமல் இருக்க இரண்டு சின்ன வால்வுகள். அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. அழுத்தமும் அதிகம் கிடையாது, சதுர அங்குலத்துக்கு இரண்டிலிருந்து நான்கு பவுண்டு வரை.

ஆகவே கெட்டுப்போவதற்கும் உள்ளே அதிகம் இல்லை. டயாப்ரம் கிழியும், வால்வில் தூசி உட்காரும், கை தேயும்.

டயாப்ரம் கிழிந்தால் கண்டுபிடிப்பது எளிது. பம்ப்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் பெட்ரோல் சொட்டினால் டயாப்ரம் முடிந்தது. இன்னொன்றும் உண்டு, இதைக் கவனமாகக் கேளுங்கள். சில சமயம் பெட்ரோல் வெளியே சொட்டாமல் எஞ்ஜின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தால், மூக்கில் வைத்தால் பெட்ரோல் நெடி அடித்தால், அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பம்ப்போடு ஆயிலையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் பாட்டில் சோதனை. எஞ்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஸ்பார்க் வரக் கூடாது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டு, அடித்து அடித்து வர வேண்டும். நன்றாக வந்தால் பம்ப்பின்மேல் குற்றமில்லை, கார்புரேட்டரையோ ஸ்பார்க்கையோ பாருங்கள். வரவில்லையா? அப்போதும் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு அம்பாசிடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோட்டக்காரர், அப்பா காலத்து வண்டியை வெள்ளை மங்காமல் வைத்திருப்பவர். வண்டி அரைமணி நேரம் அருமையாக ஓடும். பிறகு திணறும், நிற்கும். கால்மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்றிருக்கிறது. பட்டுச்சேலையோடு பெண்கள் ரோட்டோரம். வெளியில் இரண்டு இடத்தில் காட்டி, இரண்டு தடவை பம்ப் மாற்றியிருந்தார். என்னிடம் வந்தபோது கையில் மூன்றாவது பம்ப் இருந்தது, புதுசு, பெட்டி பிரிக்காதது.

நான் பம்ப்பைத் தொடவில்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டியை நிற்கும்வரை ஓட்டிக்கொண்டு போனேன். நின்றது. இறங்கி நேராகப் பின்னால் போய் டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது, அவருக்கே கேட்டது. மூடியைத் தளர்வாக வைத்துவிட்டுக் கிளம்பினோம். வீடுவரை நிற்கவில்லை.

நடந்தது இதுதான். வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது, டாங்க்குக்குக் காற்று போகும் சின்னக் குழாயில் பட்டி அடைத்துக்கொண்டது. பழைய மூடி தொலைந்துபோய், துவாரமே இல்லாத வேறு மூடியைப் போட்டிருந்தார்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்துப் பாருங்கள், எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக வரும். டாங்க்கும் அதேதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் எந்தப் பம்ப்பும் இழுக்காது, புதுசு மாட்டினாலும் இழுக்காது. குழாயின் அடைப்பைக் குத்தி எடுத்துவிட்டு, சரியான மூடி போட்டு அனுப்பினேன். மூன்றாவது பம்ப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தேடுங்கள். டாங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? பழைய வண்டியில் மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். மூடியைத் திறந்தால் காற்று இழுக்கிறதா? பில்டர் அடைத்திருக்கிறதா? டாங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில் விரிசல் உண்டா? அந்தப் பக்கம் விரிசல் விட்டால் பெட்ரோல் ஒழுகுவதைவிட, பம்ப் காற்றை உறிஞ்சுவதுதான் அதிகம். தரையில் ஈரம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்க ஆரம்பித்தார்கள், இப்போது எங்கும் அதுதான். பழைய வண்டியின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஹோஸும் டயாப்ரமும் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் மதியம் நின்று, சூடு ஆறியதும் கிளம்பினால், பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் நிற்பதும் காரணமாக இருக்கலாம். பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லையா, சரி, மாற்றுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டாங்க்கிலிருந்து வரும் ஹோஸை மடித்துக் கட்டுங்கள். எந்த ஹோஸ் எந்த வாயில் இருந்தது என்று அடையாளம் வையுங்கள். இரண்டு நட்டுதான். பம்ப்புக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் ஒரு தடித்த கட்டை இருக்கும், எஞ்ஜின் சூடு பம்ப்புக்கு ஏறாமல் தடுப்பது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பெரிய தப்பு. சூடும் ஏறும், பம்ப்பின் கை கேமில் அளவுக்கு மீறி அழுந்தி உடையவும் உடையும். இடையில் வைக்கும் பேக்கிங் தாளும் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். மாட்டும்போது கை கேமின்மேல் சரியாக உட்கார வேண்டும். ஸ்பிரிங் அழுத்தம் ரொம்ப முரண்டினால் எஞ்ஜினைக் கொஞ்சம் சுற்றி, மேடு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். நட்டை முதலில் விரலால் ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பேனர், இரண்டு பக்கமும் மாறி மாறி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். டாங்க்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன், பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி ஒரு ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதற்கப்புறம்தான் பம்ப். அங்கே அழுத்தம் 30 பவுண்டுக்கும் மேல், அதை இறக்காமல் எந்த ஹோஸையும் கழற்றாதீர்கள், முகத்தில் பீய்ச்சும். டாங்க்கில் எப்போதும் கால்வாசியாவது வையுங்கள், அந்தப் பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

எந்தப் பம்ப் மாட்டினாலும், எஞ்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள். வணக்கம்.