கும்பலுக்கு ஊர்ப் பெயர் வைக்கும் போலீஸ்

(வேலூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் வழக்குரைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

எனக்கு முன்னால் பேசிய ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் அய்யா, திருடர்களின் ஊரையும் இனத்தையும் போலீஸ் வெளியில் சொல்லத்தான் வேண்டும் என்று வாதாடி, ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். "திருடன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று தெரிந்தும் நாங்கள் வாய் திறக்காமல் இருந்து, நாளைக்கு உங்கள் வீட்டுப் பூட்டு உடைந்தால் யாரைத் திட்டுவீர்கள்?" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். நியாயமான கேள்விதான். அதைத் தாண்டிக் குதித்து மனித உரிமை என்று ஆரம்பித்தால் இந்த அரங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவர் கட்சியை முதலில் நானே வாதாடிவிடுகிறேன்.

2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் என்று ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை காஸ் கட்டரால் அறுத்தார்கள். 70 லட்சம் ரூபாய்க்கும் மேல் போனது. விசாரணை ஹரியானா வரைக்கும் சென்றது, ஆட்கள் அங்கே பிடிபட்டார்கள். ஹரியானாவைச் சேர்ந்த கும்பல் என்று போலீஸ் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து கைவரிசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை.

ஆனால் அதற்கு முன்பு நம் ஊரிலேயே ஒன்று நடந்தது. 2021 டிசம்பரில் காட்பாடி சாலையில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்பக்கச் சுவரில் துளை போட்டு, கேமராக்களின் மேல் ஸ்பிரே அடித்து, ஏறத்தாழ 15 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுவதும் நீதிமன்ற வாசலில் நாங்கள் பேசிக்கொண்டது என்ன? "இவ்வளவு துல்லியமாகச் செய்கிறான் என்றால் வடக்கத்தியானாகத்தான் இருக்கும்." சட்டம் படித்தவர்கள்தான் பேசினோம். கடைசியில் பிடிபட்டவர் இதே மாவட்டத்து இளைஞர். நகை ஒடுகத்தூர் சுடுகாட்டுப் பக்கம் புதைந்து கிடந்தது. அதன் பிறகு வேலூர் மாவட்டத்து இளைஞர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று யாராவது போர்டு வைத்தார்களா?

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. என் வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேலே காவல் துறையின் சின்னம். நடுவே சிவப்பு எழுத்தில் "வடமாநிலத்தவர் எவரையும் வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டாம்". கீழே ஒரு தொலைபேசி எண். அந்த பிளெக்ஸின் நிழலில் ஒருவர் கம்பளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்துவிட்டு அவரைப் பார்த்த பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அன்று அவருக்கு எத்தனை கம்பளி விற்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெருவில் பூட்டு உடைவது அதனால் நின்றதா என்றால், நிற்கவில்லை.

வேலூரில் இந்த வாசகத்துக்கு இன்னொரு கோணமும் உண்டு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பெயர்ப் பலகையில் வங்காள எழுத்து, மருந்துக் கடையில் இந்தி பேசும் பையன், மீன் குழம்பும் சோறும் வங்காளப் பக்குவத்தில் கிடைக்கும் மெஸ். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். நிலத்தை விற்றுக் கொண்டுவந்த பணத்தை நம்மிடம் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த பிளெக்ஸ் இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வாடகை வாங்கும்போது விருந்தாளி, பூட்டு உடைந்தால் சந்தேக நபர் என்பது நமக்கு வசதியான ஏற்பாடு.

எச்சரிக்கையே கூடாது என்கிறேனா? இல்லை. நகைக்கு பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்லி வருகிறவர்களிடம் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள், சட்டையில் அசிங்கம் ஒட்டியிருக்கிறது என்று கவனத்தைத் திருப்பினால் பையை இறுக்கிப் பிடியுங்கள் என்று சொல்லுங்கள். எப்படித் திருடுகிறான் என்று தெரிந்தால் ஒரு குடும்பத் தலைவி தன்னைக் காத்துக்கொள்ள முடியும். எந்த இனம் என்று மட்டும் தெரிந்தால் அவரால் முறைக்கத்தான் முடியும்.

இனி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கே போலீஸ் பெயர் வைத்த இனம் நாம்தான்.

சித்தூர் நமக்கு அந்நிய மண் இல்லை. 1911 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். இன்றைக்கும் வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். ஆனால் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டும் வழக்குகள் பெருகிய பிறகு, அங்கே தமிழ் பேசுவதே சந்தேகத்துக்குரிய செயலாகிப்போனது. பத்திரிகைச் செய்திகளில் "தமிழ்க் கடத்தல்காரர்கள்" என்றே வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து தினக்கூலிக்குப் போன மலையாளிப் பழங்குடி ஆளும் (கேரளத்தவர் இல்லை, நம் மலைகளில் வாழும் பழங்குடியின் பெயர் அது) அதில் அடக்கம், மரத்தை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து கோடி பார்க்கும் முதலாளி அதில் அடக்கம் இல்லை. அவருக்கு எந்த மொழிப் பெயரும் வைக்கப்படவில்லை.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2013 டிசம்பரில் இரண்டு வன அதிகாரிகளை அந்தக் காட்டில் கொன்றார்கள். கொடூரமான கொலை. அதற்காக நம் பக்கத்துக் கூலியாட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பலர் சிறையில் கிடந்தார்கள். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 280-க்கும் மேற்பட்டோரை விடுதலை செய்தது. கொன்றவன் யார் என்று காட்ட முடியவில்லை. கூட்டத்தைப் பிடித்தால் ஆளைக் கோட்டைவிடுவீர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கொல்லப்பட்ட அந்த இரு அதிகாரிகளின் குடும்பத்துக்கும் நீதி கிடைக்கவில்லையே, அதையும் யோசியுங்கள்.

இடையில் 2015 ஏப்ரல் 7. விடியற்காலையில் அதே காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது அதிரடிப்படை. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். அன்று ஊரே கொதித்தது. "தமிழன் என்றால் கடத்தல்காரனா?" என்று நாம் கேட்டோம். மிகச் சரியாகவே கேட்டோம். அதே கேள்வியை ஒரு பீகார்க்காரர் நம்மைப் பார்த்து இந்தியில் கேட்டால் நமக்குப் புரிவதில்லை.

அய்யா தன் பேச்சில், "சில சமூகங்களுக்கு இது பரம்பரைத் தொழில், எங்கள் அனுபவத்தில் பார்த்தது" என்றும் சொன்னார். சொன்னது அவர் வாய், பேசியது 1871. அந்த ஆண்டு வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். ஒரு சாதியை அரசாங்கம் அதில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சித்தூர் நம்மைவிட்டுப் பிரிந்த அதே ஆண்டு. குறவர்கள் உட்படப் பல சமூகங்கள் பட்டியலில் ஏறின. பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். திருடியவனுக்கு மட்டும் இல்லை, அந்தச் சாதியில் பிறந்தவனுக்கு. நம் மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-இலும் சட்டம் போனது. காவல் நிலையத்தின் ஞாபகத்திலிருந்து போகவில்லை. பக்கத்துத் தெருவில் திருட்டு என்றால் இன்றும் முதலில் குறவர் குடியிருப்புக்குத்தான் ஜீப் போகிறது. போனால் யாராவது ஒருவர் அகப்படுவார். அகப்பட்டதும் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே" என்பார்கள். அனுபவம் என்று அய்யா சொல்வது பெரும்பாலும் இந்த வட்டத்தைத்தான்.

நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் புகுந்து இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்ற கும்பலை நினைவிருக்கும். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொலையானார். நம் போலீஸ் வட மாநிலங்களுக்குப் போய் அந்தக் கும்பலைப் பிடித்தது. அசாத்தியமான வேலை, தலை வணங்குகிறேன். வழக்கைத் திறந்த சாவி எது? கைரேகை. ஒரு மனிதனின் கைரேகை. ஆனால் வேட்டைக்கு வைத்த பெயர் "ஆபரேஷன் பவாரியா". பவாரியா என்பது ஒரு சமூகத்தின் பெயர், வெள்ளைக்காரன் பட்டியலில் இருந்த சமூகம். அந்தப் பெயரில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். படகில் வந்த அகதி என்று வதந்தி பரவிக் கலவரம் மூண்டது. அவன் பிறந்தது பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில். மறு ஆண்டு ஆகஸ்டில், பெரிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தையும் நாட்டையும் வெளியிடுவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று அங்கே போலீசுக்கு வழிகாட்டினார்கள். வதந்தியைக் கொல்ல உண்மையைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடிப்பதாகப் போலி வீடியோ பரவியபோது நம் போலீஸ் அதைத்தான் செய்தது. ஆனால் இங்கிலாந்து வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. போலீஸ் சொல்லாத நாளில், சொல்லாததே சாட்சியாகிவிடும். இனத்தைப் பதிவேட்டில் குறித்து ஆராய்வது வேறு, அதைச் செய்ய வேண்டியதுதான். மைக் முன்னால் அறிவிப்பது வேறு.

நீதிமன்றத்தில் ஒருவனின் பழைய கெட்ட நடத்தையையே, அவன் தன் நல்ல குணத்தைச் சாட்சியமாக வைக்காத வரை, அவனுக்கு எதிராகக் காட்ட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 54-வது பிரிவு, புதியதில் 49. அவன் நடத்தையே செல்லாத இடத்தில் அவன் சாதியின் நடத்தை எப்படிச் செல்லும்? 2024 அக்டோபரில் சிறைகளில் சாதி பார்ப்பதை ரத்து செய்த தீர்ப்பில், சீர்மரபினரை, அதாவது முன்பு குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த சமூகத்தவரை, எதேச்சையாகக் கைது செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போலீசுக்குச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது இங்கேதான். பூட்டு உடைந்தால் இனம் சொல்லும் இதே போலீஸ், சாதி மாறிக் காதலித்த பையனை வெட்டிப் போட்டால் என்ன சொல்கிறது? "முன்விரோதம்." "குடும்பத் தகராறு." சேரியில் புகுந்து அடித்தால் "இரு தரப்பினரிடையே மோதல்." எந்தத் தரப்பு, எந்தக் காரணம் என்று பேச்சே இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரு பக்கத்துச் சாதியும் குற்றத்தின் ஓர் அங்கம். அதைச் சொல்லாமல் வழக்கே நிற்காது. சாதிதான் கத்தியை எடுக்க வைத்தது என்றால் சாதியைச் சொல்லியே ஆக வேண்டும். பூட்டை உடைத்தது வயிறோ பேராசையோ என்றால் சாதிக்கு அங்கே வேலை இல்லை. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. ஓட்டு இல்லாத கம்பளி வியாபாரியின் இனத்தைச் சொல்லத் தைரியம் வருகிறது, ஓட்டு நிறைய உள்ள சாதியின் பெயரைச் சொல்ல வரவில்லை.

வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. முதல் பத்தி அந்த பிளெக்ஸ் வாசகத்தை மாற்றக் கேட்கிறது. அதில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது பத்தி, சாதிக் கொலைகளில் காரணத்தை மறைக்காமல் செய்திக்குறிப்பு வெளியிடக் கேட்கிறது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சண்டை வருவது அந்த இரண்டாவது பத்தியில்தான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறோம்.

வணக்கம்.