அவரிடமே கேளுங்கள்

மருத்துவர்களே, செவிலியர் மாணவியரே,

2009-ஆம் ஆண்டில் சண்டிகர் அரசு காப்பகம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர், அங்கேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்தது தெரியவந்தது. கருவைக் கலைக்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தையைப் பெற்றெடுக்க விரும்புவதாக வல்லுநர் குழுவிடம் முன்பே தெரிவித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தடுத்தது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு, மனநோயாளிக்கான விதி இவருக்குப் பொருந்தாது, ஆகவே வயதுவந்த அந்தப் பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1994-இல், மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் புணே அரசு மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்த் தூய்மையைப் பேண முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கருப்பையை எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும், கருவும் தங்காது; வன்கொடுமை நிற்காது, அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம்தான் இல்லாமற்போகும்.

குறைபாடுள்ள பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகி உங்களிடம் வரும்போது கூடவே ஒருவர் வருவார், எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அவரே குற்றவாளியாகவும் இருக்கக்கூடும் என்பதால், வெளியே அமரச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியே பேசுங்கள். சைகைமொழி தேவைப்பட்டால் உறவினரை அல்ல, வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். முதல் தகவல் அறிக்கை வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இலவசச் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் சட்டக் கடமை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை வன்கொடுமை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்வது ஒழுங்கீனம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, அதைப் பற்றி நான் நீட்டிப் பேச வேண்டியதில்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு மீறுவது, அவர் வாய்திறந்த ஒரே இடத்தையும் அடைப்பதாகும்.

கடைசியாக ஒன்று. பேச இயலாதவர்கள் சுட்டிக்காட்டிப் பேசும் படப்பலகைகளில் சோறு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கும். மார்பும் பிறப்புறுப்பும் பலவற்றில் இரா. உங்கள் மருத்துவமனைப் பலகையில் அவை இருக்கின்றனவா என்று நாளை காலை பணிக்குப் போனதும் பாருங்கள்.