இராவணன் வெட்டில் ஒரு வகுப்பு: புவி விஞ்ஞான ஒலிம்பியாட்டுக்கு திருகோணமலையில் தயாராவது எப்படி?

[காட்சி: பிரெட்ரிக் கோட்டை வாசல், காலை. பழத்தோலுக்காகக் காத்து நிற்கிற புள்ளிமான்கள்.]

வணக்கம். கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போற பாதையில நிக்கிறன். மான்களைப் பாக்க இல்லை, இன்னும் கொஞ்சம் மேல ஏறவேணும்.

[காட்சி: பாறையின் செங்குத்துச் சுவர், கீழே கடல். இராவணன் வெட்டு.]

இதுதான் இராவணன் வெட்டு. மலையை வாளால பிளந்தான் எண்டு அம்மம்மா சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். புவி விஞ்ஞானப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளையிட்ட நான் கேக்கிறது வேற: இந்தப் பிளவு எந்தத் திசையில ஓடுது? இதுக்குச் சமாந்தரமா வேற பிளவுகள் இருக்கா? பாறையில வரி தெரியுதா, தெரிஞ்சா பிளவு அந்த வரியை வெட்டிக்கொண்டு போகுதா, வரியோடயே போகுதா? கொப்பியை எடுங்கோ, ஒரு படம் கீறுங்கோ. வடக்குத் திசை போட மறக்காதேங்கோ.

போட்டியைப் பற்றிச் சுருக்கமா. சர்வதேச புவி விஞ்ஞான ஒலிம்பியாட் 2007இல தென்கொரியாவின் டேகு நகரத்தில தொடங்கினது. 2013இல பக்கத்திலயே, மைசூரில நடந்தது. ஒரு நாட்டுக்கு நாலு மாணவர். பாறை, கடல், வளிமண்டலம், வானம் எல்லாம் ஒரே போட்டிக்குள்ள வரும். எழுத்துப் பரீட்சை இருக்கு, செயன்முறை இருக்கு. அதோட வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரு குழுவாக் கலந்து வெளிக்களத்துக்கு அனுப்பி ஆய்வு செய்ய விடுவினம். வேலை மொழி ஆங்கிலம். அதால கொப்பியில இரண்டு நிரல் போடுங்கோ, ஒரு பக்கம் தமிழ்ச்சொல், மறுபக்கம் ஆங்கிலச்சொல். ‘உருமாறிய பாறை’ எண்டு பத்து வருசம் படிச்ச பிள்ளை ஆங்கிலச் சொல்லைக் கண்டு முழிக்கக்கூடாது.

எங்கட சிக்கல் என்னெண்டா, இந்தப் பாடத்துக்கு உயர்தரத்தில ஒரு தனி இடம் இல்லை. விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்குப் பௌதிகம் தெரியும், பாறை தெரியாது. கலைப்பிரிவில புவியியல் படிக்கிற பிள்ளைக்குப் பருவக்காற்று தெரியும், கணக்கெண்டால் பயம். இரண்டு பேரும் ஒரே மேசையில இருந்து படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ரியூசன் தேடாதேங்கோ. இதுக்கு ரியூசன் இல்லை, அது ஒருவகையில நல்லது.

நான் பிழைவிட்ட இடத்தைச் சொல்லிவிடுறன். ஒரு பயிற்சிப் பரீட்சையில மேசையில ஒரு கல் வைச்சிருந்தினம். கண்டவுடன ‘கிரனைற்று’ எண்டு எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டன். திருத்தின சேர் கொப்பியைத் தந்து கேட்டது ஒரே கேள்வி: “எப்பிடித் தெரியும்?” பதில் இல்லை. அந்தக் கல்லில வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரிவரியா ஓடினது. அது நைஸ் (gneiss) எண்ட உருமாறிய பாறை. எங்கட வீட்டு அத்திவாரத்தில கிடக்கிற அதே கருங்கல். பேரை முதல்ல சொல்லி, கண்ணைப் பிறகு திறந்த கதை.

[காட்சி: கையில் இரண்டு கற்கள், ஒரு சோடாப் போத்தல், ஒரு சின்னப் போத்தலில் ஐதான அமிலம்.]

இதைச் செய்து பாருங்கோ. இரண்டும் வெள்ளைக் கல்லு, ரெண்டும் மினுங்குது. ஒண்டைச் சோடாப் போத்தலில தேய்க்கிறன். கேக்குதா அந்தக் கிரீச் சத்தம்? கண்ணாடியில கீறல் விழுந்திட்டு. மற்றதைத் தேய்ச்சா போத்தலுக்கு ஒண்டுமில்லை, கல்லுத்தான் மாவாகுது. இப்ப ஒரு துளி ஐதான ஐதரோகுளோரிக் அமிலம். முதல் கல்லு சும்மா இருக்கு. இரண்டாவது நுரைக்குது. முதலாவது குவாட்சைற்று. அதில இருக்கிற குவாட்ஸ் கனியத்தின்ர கடினம் மோஸ் அளவில (கனியங்களின்ர கடினத்தை 1இல இருந்து 10 வரை சொல்லுற அளவு) 7, கண்ணாடி 5½ அளவில. இரண்டாவது மாபிள், அதில இருக்கிற கல்சைற்றின்ர கடினம் 3. நீங்கள் எழுதவேண்டிய ஒழுங்கும் இதுதான்: நிறம், மணிகளின்ர அளவு, வரி, கடினம், அமிலம், கடைசியாப் பேர். திருகோணமலையில குவாட்சைற்று முகடுகள் தாராளம். ஆனா கோயில் மலையில கல்லு உடைக்கக் கூடாது. றோட்டு வேலைக்குக் குவிச்ச கல்லு காணும். அமிலத்தை ஆய்வுகூடத்தில ரீச்சர் பக்கத்தில நிக்கேக்க மட்டும் தொடுங்கோ.

[காட்சி: கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு சதுரக் கிணறுகள்.]

அடுத்தது கன்னியா. இங்கயும் இராவணன்தான், தாயின்ர கிரியைக்காக ஏழு இடத்தில குத்தினானாம். எங்கட நாட்டில எரிமலை இல்லை. பிறகு தண்ணி எப்பிடிச் சுடுது? இதை நிறையப் பிள்ளைகள் ‘எரிமலை’ எண்டே எழுதுவினம். மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்குள்ளால ஆழம் போய், அங்க சூடாகி, வேற வெடிப்பால மேல வருது. அவ்வளவுதான். எவ்வளவு ஆழம்? வெப்பமானி கொண்டுபோய் ஏழு கிணத்திலயும் அளவுங்கோ, ஏழும் ஒண்டாயிராது. 42 பாகை வந்திச்செண்டு வைப்பம். சாதாரண கிணத்துத் தண்ணி 28. வித்தியாசம் 14. பூமிக்குள்ள ஒரு கிலோமீற்றர் இறங்கினா ஏறத்தாழ 25 பாகை கூடும். 14ஐ 25ஆல பிரிச்சா அரைக் கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டுது.

நல்ல பிள்ளை அதோட நிப்பாட்டாது. மேல வரேக்க தண்ணி ஆறியிருக்காதா? மேல கிடக்கிற குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருக்காதா? அப்ப உண்மையான ஆழம் இதைவிடக் கூட. ‘குறைந்தபட்சம்’ எண்ட ஒரு சொல்லை விடையில போடுங்கோ, திருத்திறவருக்குச் சந்தோசமா இருக்கும்.

காத்துக்கு வருவம். கச்சான், தின்கிற கச்சான் இல்லை, அடிக்கிற கச்சான். ஆனி ஆடியில மேற்கில இருந்து வந்து முகத்தைச் சுடும். அதே காத்து மலைநாட்டின்ர மற்றப் பக்கத்தில மழை கொட்டுது. கணக்கு இப்பிடி: கரையில 28 பாகை. அரைக் கிலோமீற்றர் ஏறுமட்டும் முகில் இல்லை, கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் 5 பாகை குறைஞ்சு 23. பிறகு முகில் கட்டுது. நீராவி ஒடுங்கேக்க வெப்பம் வெளிவருது, அதால கிலோமீற்றருக்கு 6 பாகைதான் குறையும். இன்னும் ஒண்டரைக் கிலோமீற்றர் ஏற 14. மழை அங்கயே விழுந்திட்டு. இந்தப் பக்கம் வறண்ட காத்தா இறங்கேக்க கிலோமீற்றருக்கு 10 பாகை கூடும். இரண்டு கிலோமீற்றர் இறங்க 34. ஆறு பாகை லாபம், எங்களுக்கு வேர்வை.

[காட்சி: வங்காள விரிகுடா வரைபடம். சுமாத்திராவிலிருந்து ஒரு கோடு.]

இது கொஞ்சம் பாரமான கணக்கு. 2004 டிசம்பர் 26. இப்ப படிக்கிற நீங்கள் பிறக்கேல்லை, வீட்டில கேட்டா நேரத்தோட சொல்லுவினம். சுனாமியின்ர வேகம் கடலின்ர ஆழத்தில தங்கியிருக்கு: புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுக்கவேணும். ஆழம் 4,000 மீற்றர் எண்டா, ஆர்முடுகல் ஏறத்தாழ 10, அதால பெருக்க 40,000, வர்க்கமூலம் 200. செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு 720 கிலோமீற்றர். நிலநடுக்க மையத்தில இருந்து எங்கட கரைக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். பிரிச்சா இரண்டு மணி இருபது நிமிசம்.

ஆனா கிழக்குக் கரைக்கு அலை இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வந்திட்டு. கணக்குப் பிழையா? வேகத்தில பிழையில்லை, தொடங்கின இடத்தில பிழை. மையம் எண்டது பாறை உடையத் தொடங்கின புள்ளி மட்டும். உடைவு அங்கயிருந்து வடக்க அந்தமான் பக்கமா 1,200 கிலோமீற்றருக்கு மேல ஓடினது. எங்களுக்கு நேரெதிரா நிக்கோபார்ப் பக்கத்தில கிளம்பின அலை கிட்டத்தட்ட 1,300 கிலோமீற்றர்தான் ஓடவேணும். இப்ப பிரிச்சுப் பாருங்கோ. ஒரு மணி ஐம்பது நிமிசம் அளவில வரும். இந்தக் கணக்கை நான் முதல்முறை செய்து முடிச்ச அண்டைக்கு அதுக்குப் பிறகு ஒண்டும் படிக்கேல்லை.

வானத்துக்குச் செலவே இல்லை. இரவில வடக்குப் பாத்து, அடிவானத்தில இருந்து எட்டரைப் பாகை உயரத்தில துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கோ. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா ஏறக்குறைய பத்துப் பாகை, அதுக்குக் கொஞ்சம் கீழ. எங்கட அகலக்கோடும் அதே எட்டரைதான். மூட்டம் கூடினா தெரியாது, நாலைஞ்சு இரவு போகவேணும்.

[காட்சி: உப்புவெளி மணலில் நட்ட ஒரு நேரான தடி.]

பகலுக்கு ஒரு தடி காணும். சித்திரை வருசத்துக்கு ஒண்டு இரண்டு நாள் முன்ன, ஏப்ரல் 12ஐ ஒட்டி, இதை மணலில நூல்குண்டு பிடிச்சு நேரா நடுங்கோ. பன்னிரண்டடிக்கப் பத்து நிமிசம் இருக்கேக்க தொடங்கி நிமிசத்துக்கு ஒருக்கா நிழலின்ர நுனியில ஒரு சிப்பி வையுங்கோ. பன்னிரண்டு தாண்டி அஞ்சாறு நிமிசத்தில வைக்க இடம் இராது. நிழல் தடிக்குக் கீழ போயிருக்கும். ஏன் சரியாப் பன்னிரண்டுக்கு இல்லை எண்டதை கீழ கொமெண்டில எழுதுங்கோ. எங்கட நெடுங்கோடு 81 பாகையைக் கொஞ்சம் தாண்டினது, நாட்டின்ர மணிக்கூடு ஓடுறது 82½ பாகைக்கு.