நாய் முந்தியதா, உழவு முந்தியதா?

நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "மனிதன் பயிர்செய்யத் தொடங்கி ஓரிடத்தில் நிலையாகக் குடியேறிய பிறகு, ஊர்ப்புறத்துக் குப்பைமேட்டைத் தேடி வந்த ஓநாய்களே காலப்போக்கில் நாய்களாயின என்று படித்தேன். தொல்லியல் சான்றுகள் இதற்கு இடம் தருகின்றனவா?"

குப்பைமேடு என்ற கருத்துக்குப் பெயர்பெற்றவர் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காபிங்கர். மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத ஓநாய்களுக்குக் குடியிருப்பின் ஓரத்தில் எளிதாக இரை கிடைத்திருக்கும், அவையே பல்கிப் பெருகியிருக்கும் என்பது அவருடைய வாதம். வாதம் என்ற அளவில் அதில் பிழையில்லை. அதனோடு உழவைக் கொண்டுபோய் இணைக்கும்போதுதான் காலக்கணக்கு இடிக்கிறது. மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் பயிரிடப்பட்டது சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான்; ஆடுகள் மனிதர் வளர்ப்பில் வந்தது அதற்கும் பின்னர். நாயோ, அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதரோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டிருக்கிறது.

ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914-ஆம் ஆண்டு கல்குவாரித் தொழிலாளர்கள் ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவரின் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தனர். சிவந்த காவிப்பொடி தூவிய அந்தப் புதைகுழியில் விலங்கு எலும்புகளும் இருந்தன. அவற்றுள் ஒரு கீழ்த்தாடையை முதலில் ஓநாயுடையது என்றே எடுத்துவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது நாயுடையது என்பது தெரியவந்தது. அதன் வயது ஏறத்தாழ 14,200 ஆண்டுகள். ஐயத்துக்கு இடமின்றி நாய் என்று ஏற்கப்பட்ட மிகப் பழைய எலும்புகளுள் இதுவும் ஒன்று.

ஓபர்காசலில் கிடைத்த அந்த நாய் ஒரு குட்டிதான். அதன் பற்களைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவேண்டும். எனாமலில் காணப்படும் குறைபாடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய ஐந்து மாத வயதில் அது கடுமையாக நோயுற்றிருந்தது என்றும், அந்நோய் பெரும்பாலும் இன்றும் நாய்க்குட்டிகளைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸ் காய்ச்சலாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. உணவும் நீரும் கொடுத்து, உடலைத் துடைத்து, கதகதப்பாக வைத்துக் காப்பாற்றும் ஆள் இல்லாவிட்டால் குட்டி வாரக்கணக்கில் பிழைத்திருக்க முடியாது; ஆனால் இது ஏழு மாதத்தை எட்டும்வரை உயிரோடு இருந்திருக்கிறது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டிக்கு இத்தனை பாடுபட்டவர்கள், விதைப்பு அறுவடை எதையும் அறியாத பனிக்கால வேட்டைக்காரர்கள்.

மரபணுச் சான்றும் இதையே உறுதிசெய்கிறது. 27 பழங்கால நாய்களின் மரபணுத் தொகுதிகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வின்படி, 11,000 ஆண்டுகளுக்கு முன்பே குறைந்தது ஐந்து தனித்தனி நாய்க்கிளைகள் உருவாகியிருந்தன. பயிர்த்தொழில் அப்போதுதான் தலையெடுக்கிறது. அதற்குள் இத்தனை கிளைகள் பிரிந்திருக்கவேண்டுமானால், ஓநாயிலிருந்து நாய் பிரிந்தது இன்னும் வெகுகாலத்துக்கு முன்பாகத்தான் இருக்கவேண்டும்.

நேயர் படித்ததில் ஒரு பாதி சரி என்பதையும் சொல்லவேண்டும். நிலையாகக் குடியிருப்பதும் உழவு செய்வதும் ஒன்றல்ல. பாடநூல்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. மேற்கு ஆசியாவின் நட்டூஃபியப் பண்பாட்டு மக்கள், தானாக விளைந்த தானியங்களை அறுத்துக்கொண்டும் மான்களை வேட்டையாடிக்கொண்டும், உழவு தோன்றுவதற்கு முன்னரே வட்டவடிவக் கல்வீடுகளில் வாழ்ந்தார்கள். வடக்கு இஸ்ரேலின் ஐன் மல்லாகாவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், முதியவர் ஒருவரின் கை ஒரு குட்டியின் உடல்மீது படிந்திருக்கும்படி இருவரும் கிடத்தப்பட்டிருந்தனர். ஜோர்டானின் ஷுபைகா 6 என்ற சுமார் 11,500 ஆண்டுப் பழமையான குடியிருப்பில் கிடைத்த சான்று அவ்வளவு நெகிழ்ச்சியானது அல்ல, ஆனால் என் கணிப்பில் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பயனுள்ளது: இரைப்பை அமிலத்தில் அரிக்கப்பட்டு வெளியேறிய விலங்கு எலும்புகள் அங்கே ஏராளம். மனிதர் விழுங்க முடியாத அளவுக்கு அவை பெரிதாக இருப்பதால், நாய்கள் குடியிருப்புக்குள்ளேயே தின்று திரிந்தன என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். முயல் எலும்புகளும் அங்கே மிகுதி. பாய்ந்தோடும் சிறு விலங்குகளைப் பிடிக்க நாய் உதவியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

அப்படியானால் உழவு நாய்க்கு என்ன செய்தது என்று கேட்டால், அதன் வயிற்றை மாற்றியது எனலாம். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உருவாக்கும் மரபணு ஓநாய்க்குப் பொதுவாக இரண்டு படிகள் (நகல்கள்)தான். நாய்களிலோ நான்கு முதல் முப்பது வரை இருப்பதாக 2013-இல் கண்டறியப்பட்டது. தானியம் தின்னும் மக்களின் மிச்சத்தை உண்டு பிழைத்த நாய்களுள், அதை நன்றாகச் செரித்தவையே அதிகம் தழைத்தன. நேயர் சொன்ன குப்பைமேட்டுக்கு உண்மையான வேலை இந்தக் கட்டத்தில்தான். உழவு பரவாத ஆஸ்திரேலியாவுக்குப் போன டிங்கோ நாய்களுள் பெரும்பாலானவற்றில் இன்றும் இரண்டு படிகளே இருப்பது இதற்கு நல்ல சான்று.

அந்த மாற்றமும் ஒரே அடியாக வந்துவிடவில்லை. ருமேனியாவில் கிடைத்த ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையான நாயில் அந்த மரபணு ஏற்கெனவே பெருகியிருந்தது. உழவர் குடியிருப்புகளில் வாழ்ந்த வேறு சில பழங்கால நாய்களில் அது இன்னும் பெருகவில்லை.