நிறுக்கும் முன் சாக்கைக் கழியுங்கள்

(கோத்தகிரியில் கூடிய அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்தில் என்ன நடக்கும் என்று இந்த மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையைத் தராசில் மாட்டியதும் வரும் எண்ணை அப்படியே சீட்டில் எழுதுவதில்லை. சாக்கின் எடை கழியும். மழை நாளென்றால் இலையின் ஈரத்துக்கும் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் சண்டை வரும். கழிக்கவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் "அறிவியல் பிடிக்குமா, கணக்குப் பிடிக்குமா" என்று பிள்ளைகளிடம் தாள் கொடுத்து வாங்கும்போது மட்டும் சாக்கு, ஈரம், இலை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, 'மனப்பாங்கு 3.8' என்று அறிக்கை எழுதிவிடுகிறோம்.

மனப்பாங்கை அளக்க முடியும் என்று உளவியலாளர் தர்ஸ்டன் 1928இல் வாதாடினார். அவர் முறையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் நடுவர்கள் படித்து 11 அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். பெரிய வேலை. 1932இல் லிக்கர்ட் அதைச் சுருக்கினார்: வாக்கியத்தைக் கொடு, ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல், கூட்டு. இன்று நம் கையில் இருப்பது அதுதான். எளிமையாக இருப்பதால் எல்லோரும் செய்கிறோம். எளிமையாக இருப்பதாலேயே கெடுக்கவும் செய்கிறோம்.

முதல் கெடுதல், பலவற்றை ஒன்றாகக் கூட்டுவது. கணக்கில் ஒரு பிள்ளைக்கு ஆர்வம் இருக்கலாம், தன்னம்பிக்கை இல்லாமலிருக்கலாம். பயன் உண்டு என்று நம்பிக்கொண்டே பயப்படலாம். 1976இல் ஃபென்னெமாவும் ஷெர்மனும் கணித மனப்பாங்குக்கு ஒரே அளவுகோல் செய்யவில்லை, ஒன்பது செய்தார்கள். நம்பிக்கை, பதற்றம், பயன், அம்மாவின் எண்ணம், அப்பாவின் எண்ணம், ஆசிரியரின் எண்ணம், கணக்கு ஆண்களுக்கானதா என்ற கருத்து போன்றவை தனித்தனியாக. ஒவ்வொன்றிலும் 12 வாக்கியம். ஆறு சாதகம் (கணக்கை விரும்பும் பிள்ளை ஒப்புக்கொள்வது), ஆறு பாதகம் (அதற்கு நேர்மாறானது). அறிவியலுக்கு ஃப்ரேசர் செய்த தொகுப்பில் ஏழு அளவுகோல், ஒவ்வொன்றிலும் பத்து வாக்கியம். இப்படித் தனித்தனியானவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால் பயமும் ஆர்வமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு பள்ளியில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அந்த இரண்டையோ மூன்றையோ எடுங்கள். அதுவே ஒரு பாடவேளைக்குப் போதும்.

அடுத்தது வாக்கியம். இதில்தான் நேரம் செலவாக வேண்டும். ஆங்கில அளவுகோலை எடுத்துத் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தமிழில் எதிர்மறை வாக்கியம் குழியில் தள்ளும். "எனக்கு அறிவியல் பிடிக்காது" என்று எழுதி, எதிரே "ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்று கட்டம் போடுகிறோம். அறிவியல் பிடித்த பிள்ளை "ஒப்புக்கொள்ளவில்லை"யில் குறிக்க வேண்டும். "பிடிக்காதுதானே?" என்று வாயால் கேட்டால் அதே பிள்ளை "இல்லை" என்கிறது. அந்த 'இல்லை' பிடிக்கவில்லை என்பதா, நீங்கள் சொல்வது இல்லை என்பதா? பெரியவர்களே தடுமாறுவோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்! அதனால் பாதகம் பொருளில் இருக்கட்டும், வினைமுற்றில் வேண்டாம். "கணக்குப் பாடவேளை வந்தாலே சலிப்பாக இருக்கிறது", "கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கை நடுங்குகிறது" என்று எழுதுங்கள். குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.

'கணக்கு' என்ற சொல்லையே பாருங்கள். "எங்கள் வீட்டில் கணக்கு தினமும் பயன்படுகிறது" என்று கேட்டால், அம்மா இலை பறிக்கப் போகும் வீட்டுப் பிள்ளை உடனே ஆமாம் என்று குறித்துவிடும். அதன் மனதில் வருவது இலைக் கணக்கு, கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு. 'கணிதம்' என்று போட்டால் புத்தகத்தின் அட்டை நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே கேள்வி இல்லை. பள்ளிப் பாடத்தைக் கேட்கிறீர்கள் என்றால் 'கணக்குப் பாடம்' என்றே எழுதுங்கள். வீட்டில் படுகர், குறும்பர், பணியர் மொழிகளைப் பேசும் பிள்ளைகளும், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. தாளை அச்சடிக்கும் முன் ஐந்தாறு பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லி, "இது என்ன கேட்குது? உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம். இதைவிட மலிவான சோதனை கிடையாது. இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

'பிடிக்கும்' என்ற சொல்லும் ஈரம் சுமக்கும். கணக்கு டீச்சரைப் பிடித்தால் கணக்கும் பிடிக்கும் என்று குறிப்பார்கள். டீச்சர் மாறினால் எண் கவிழும். ஆகவே பாதி வாக்கியங்களாவது செயலைக் கேட்கட்டும்: "யாரும் சொல்லாவிட்டாலும் புதுக் கணக்கு கிடைத்தால் போட்டுப் பார்ப்பேன்." பதில் கட்டங்களில் 'சரி, தவறு' வேண்டாம், தேர்வு என்று நினைத்து பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். 'எனக்கு அப்படியே பொருந்தும்' என்று தொடங்கி, 'ஓரளவு பொருந்தும்', 'இரண்டும் இல்லை', 'அவ்வளவாகப் பொருந்தாது', 'பொருந்தவே பொருந்தாது' என்று 5இலிருந்து 1 வரை இறங்கலாம்.

இனி கூட்டல். பாதக வாக்கியத்துக்கு வந்த எண்ணை ஆறிலிருந்து கழித்து எழுத வேண்டும்: 5 வந்தால் 1, 4 வந்தால் 2. மறந்தால் என்ன ஆகும்? பத்து வாக்கியம், ஐந்து சாதகம், ஐந்து பாதகம். கணக்கு மிகவும் பிடித்த பிள்ளை சாதகத்தில் ஐந்து ஐந்தாக 25, பாதகத்தில் ஒன்று ஒன்றாக 5, மொத்தம் 30. கணக்கென்றாலே ஓடும் பிள்ளை சாதகத்தில் 5, பாதகத்தில் 25, அதுவும் 30! திருப்பி எழுதினால் முதல் பிள்ளை 50, இரண்டாவது 10. எக்செல்லில் ஒரு சூத்திரம் விட்டுப்போனதால் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகிவிட்டார்கள். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போட்ட பிள்ளைக்குத் திருப்பிய பிறகு 30 வரும். எல்லாம் 5 என்று இருக்கும் தாளைத் தனியே எடுத்து வையுங்கள், கூட்டவேண்டாம்.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க 1951இல் க்ரான்பாக் பெயரில் வந்த ஆல்ஃபா இருக்கிறது. பத்து வாக்கியங்களின் மாறுபாட்டளவுகளை, அதாவது பிள்ளைகளின் எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவை, தனித்தனியே கண்டு கூட்டினால் 9, மொத்த மதிப்பெண்ணின் மாறுபாட்டளவு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9ஐ 30ஆல் வகுத்தால் 0.3, ஒன்றிலிருந்து கழித்தால் 0.7, அதை 10/9ஆல் பெருக்கினால் 0.78. ஏறத்தாழ 0.7க்கு மேல் வந்தால் வகுப்பு அளவில் பேசலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ வந்தால் முதலில் தேடவேண்டியது திருப்ப மறந்த வாக்கியத்தை. 0.95க்கு மேல் போனால் மகிழ்ந்துவிடாதீர்கள்; ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாக எழுதியிருப்பீர்கள்.

சராசரி ஏமாற்றும். நாற்பது பிள்ளைகளில் 16 பேர் 5, 16 பேர் 1, 8 பேர் 3 என்றால் சராசரி 3. நாற்பது பேரும் 3 போட்டாலும் சராசரி 3. முன்னது இரண்டாகப் பிளந்த வகுப்பு, பின்னது தூங்கும் வகுப்பு. எண்ணிக்கையைக் கட்டம் போட்டு எழுதினாலே தெரிந்துவிடும்.

பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடும் ஆசையை அடக்குங்கள். பல நாட்டுப் பிள்ளைகளின் கணித, அறிவியல் கற்றலை ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வுகளில் ஜப்பானும் கொரியாவும் கணித மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கும், தன்னம்பிக்கையில் கீழே இருக்கும். ஒரே நாட்டுக்குள் பார்த்தால் நம்பிக்கை உள்ள பிள்ளை அதிக மதிப்பெண் வாங்குகிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் பிள்ளை தன்னை எடைபோடுகிறது. ஊட்டி உறைவிடப் பள்ளியின் 3.2ஐயும் எஸ்டேட் பள்ளியின் 4.1ஐயும் ஒரே தாளில் எழுதி அம்புக்குறி போடாதீர்கள். மழைக்காலத்தில் எடுத்தால், வந்த பிள்ளைகளை மட்டுமே அளக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படம் வரையச் சொல்லும் முறையும் உண்டு. 1983இல் சேம்பர்ஸ் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியை வரைந்தார்கள். பெண்ணாக வரைந்தது 28 பேர், எல்லோரும் சிறுமிகள். நாம் செய்யும்போது "விஞ்ஞானி என்ன செய்வான்" என்று கேட்டுவிட்டால் பாதிப் பதிலை நாமே கொடுத்தாயிற்று. 'செய்வார்' என்று கேளுங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குப் போய் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவந்த மறுநாளே வரையச் சொன்னால், வருவது நேற்றைய சுற்றுலா.

ஆசிரியர்களுக்கு வருகிறேன். 1990இல் ரிக்ஸும் எனோக்ஸும் செய்த அளவுகோல் இரண்டைப் பிரிக்கிறது: என்னால் அறிவியல் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கை, நன்றாகக் கற்பித்தால் பிள்ளை கற்கும் என்ற நம்பிக்கை. முதலாவது குறைந்தால் பயிற்சி கொடுக்கலாம். இரண்டாவது குறைந்தவருக்கு அதே பயிற்சியைத் திரும்பக் கொடுத்துப் பயனில்லை. நம் ஊரில் வேறொரு இடர் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் 'பெண், வயது 40க்கு மேல்' என்று குறித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தாள் தலைமையாசிரியர் கை வழியாகப் போனால் ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் சொல்வது போலத்தான் பதில் வரும். மூடிய பெட்டி வையுங்கள்; பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் எண்ணை வெளியிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் பெயர் வேண்டாம். ஆண்டின் தொடக்கத் தாளையும் முடிவுத் தாளையும் இணைக்க ஒரு குறியீடு போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியில் நாள், வீட்டில் எத்தனையாவது பிள்ளை. இரட்டையரில் இருவரும் 'முதல் பிள்ளை' என்று எழுதினால் முட்டும்; மற்றவர்களிலும் எப்போதாவது இரண்டு பேருக்கு ஒரே குறியீடு விழலாம்.

உங்கள் மேசையில் இருக்கும் மாதிரித் தாளில் 20 வாக்கியங்கள் இருக்கின்றன. அதில் மூன்று வேண்டுமென்றே கெடுத்து எழுதியவை: ஒன்றில் இரண்டு கேள்வி ஒட்டிக்கிடக்கிறது, ஒன்றில் இரட்டை எதிர்மறை, ஒன்று டீச்சரைப் பற்றியது. தேநீர் வருவதற்குள் கண்டுபிடித்து ஓரத்தில் குறித்து வையுங்கள்.