குவாண்டம் வரட்டும், பூட்டை முதலில் மாற்றுவோம்

நண்பர்களே, வணக்கம். வங்கித்துறையில் ஏஐ, குவாண்டம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஏஐ அன்றாட வேலைக்கு வந்தாகிவிட்டது. அணு அளவிலான இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் கணினி இன்னும் பெரும்பாலும் சோதனையில்தான் இருக்கிறது.

ஏஐ என்ன செய்கிறது என்று பார்ப்போம். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ஒரு சேமிப்புக் கணக்கு. திடீரென்று ஒரு மதியம், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பலரிடமிருந்து அதில் பணம் விழுகிறது. சில நிமிடங்களில் அத்தனையும் வேறு கணக்குகளுக்குப் போய்விடுகிறது. மோசடிப் பணத்தைக் கைமாற்ற வாடகைக்கு விடப்பட்ட கணக்கு அது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனியாகப் பார்த்தால் தப்பே தெரியாது. வரம்புத் தொகையை மட்டும் கவனிக்கும் பழைய விதிகளில் அது சிக்காது. நடமாட்டத்தை மொத்தமாகப் படித்தால்தான் பிடிபடும். ரிசர்வ் வங்கியின் இன்னோவேஷன் ஹப் உருவாக்கிய மியூல்ஹன்டர் என்ற ஏஐ மென்பொருள் இந்த வேலைக்காகவே வந்தது.

சரி, குவாண்டம்? ஒரு ஆப்ஷனுக்கு, அதாவது பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமைக்கு, விலை வைக்க, பங்கு விலை போகக்கூடிய லட்சக்கணக்கான பாதைகளைக் கணினியில் ஓட்டிச் சராசரி எடுக்கிறார்கள். பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு பாதைகள் வேண்டும். குவாண்டம் முறையில் ஏறக்குறைய பத்து மடங்கு உழைப்பு போதும். ஆனால் சிக்கலான சில டெரிவேட்டிவ்களில் (ஆப்ஷன் போல, வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களில்) இந்த லாபம் கைக்கு வர, பிழை திருத்தப்பட்ட க்யூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) சுமார் 8,000 தேவை என்று கோல்ட்மன் சாக்ஸும் ஐபிஎம்மும் 2021இல் கணக்குப் போட்டன. அவ்வளவு பெரிய இயந்திரம் இன்னும் யாரிடமும் இல்லை. 2025 செப்டம்பரில் எச்எஸ்பிசி வங்கி, ஐபிஎம்மின் குவாண்டம் இயந்திரத்தின் துணையோடு, கேட்ட விலையில் பத்திர வியாபாரம் படியுமா என்பதைக் கணிப்பதில் 34 சதவீதம் வரை முன்னேற்றம் கண்டதாக அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் அது பழைய வர்த்தகத் தரவில் பார்த்த சோதனை. அதை நம்பி இன்றே பணம் போடச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். நம் வங்கித் தகவலைக் காக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டைக் குவாண்டம் கணினியால் திறக்க முடியும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அதற்குப் பிழை திருத்தப்படாத சாதாரண க்யூபிட்டுகள் 2 கோடி வேண்டும் என்றது 2019ஆம் ஆண்டு மதிப்பீடு. கூகுளின் கிரெய்க் கிட்னி 2025இல் அதைப் 10 லட்சத்துக்கும் கீழே இறக்கிவிட்டார். இயந்திரம் வரும்வரை திருடன் காத்திருக்கத் தேவையில்லை. பூட்டிய தகவலை இன்றே அள்ளி வைத்துக்கொண்டு பிறகு திறக்கலாம். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்; 20 வருட வீட்டுக்கடன் கோப்பில் இருக்கும் பான் எண்ணையும் கைரேகையையும் எப்படி மாற்றுவது?

மாற்றுப் பூட்டுகள் தயார். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைத்த பூட்டுகளுக்கான மூன்று தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. உங்கள் வங்கியில் ஆர்எஸ்ஏ எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். அப்புறம், மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அதை விற்கும் நிறுவனத்திடம், இந்த மூன்றில் எதற்கு, எந்தத் தேதிக்குள் மாறுவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.