செஞ்சியை எட்டு வருஷம் தாங்கிய தண்ணீர்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி, செஞ்சி வந்ததும் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்கு "தேசிங்கு ராஜா கோட்டை" என்று காட்டியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதிலேயே உயிரை விட்டவன், இன்றும் தெருக்கூத்தில் வாழ்கிறான். அவன் வீரத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவன் ஆண்டது சில மாதங்கள்தான், அந்த மலைக்கு அதைவிடப் பெரிய கதை உண்டு.

1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அப்புறம் மராட்டிய நாட்டில் முகலாயர் நெருக்க, அவருடைய இளைய மகன் ராஜாராம் 1689-இல் இங்கே தப்பி வந்தார், அதாவது மராட்டிய அரசே நம்ம ஊர்ப் பாறை மேல் வந்து உட்கார்ந்தது. அடுத்த வருஷமே ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகார் கான் வந்து வளைத்துக்கொண்டான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலை முழுசாகச் சுற்றி வளைக்க அவனிடம் ஆள் போதவில்லை. 1693 தொடக்கத்தில் பசியில் வாடியது வெளியே இருந்த படைதான்! மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட, சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான்.

உள்ளே இருந்தவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டால், ஏறிப் பாருங்கள் என்பேன். ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும், அதன் குறுக்கே ஒரு மரப்பாலம், அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. இதைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். ஆனால் பாலத்தை எடுத்துவிட்டு மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தாகம் எடுக்காதா? அதற்குத்தான் மலை மேலேயே வற்றாத சுனைகள், அங்கேயே ஒரு தானியக் களஞ்சியம், அடிவாரத்தில் சக்கரக்குளம், கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர். எதிரி வருவதற்குப் பல வருஷம் முன்பே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. அவர்கள் பெயரைச் சொல்லிக் கூத்து கட்ட ஆளில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

திரும்பி வந்த சுல்பிகார் கானிடம் 1698-இல் கோட்டை விழுந்தது, ராஜாராம் அதற்குள் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான், 1761-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 2025-இல் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது, அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான்.

சரி, அடுத்த முறை திருவண்ணாமலை போகும்போது அரை நாள் ஒதுக்கிச் செஞ்சியில் இறங்குங்கள். மலை ஏற முடியாதவர்கள் சக்கரக்குளத்துப் படியிலாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். நன்றி.